4 விநாடி, 3 பெண்கள், 1 வெண்கலம்: ஜிம்னாஸ்டிக்ஸில் யார் செய்த தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

பாரிஸ் ஒலிம்பிக்கின் தீபம் அணைந்து வெகுநாளாகிவிட்டது. ஆனால், பெண்கள் ஃப்ளோர் எக்சர்சைஸ் இறுதிப் போட்டியின் வெண்கலப் பதக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஜிம்னாஸ்டிக்ஸ் ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். அது அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்குச் சேர வேண்டியதா, ருமேனியாவின் அனா பர்போசுவுக்கா? அதே ருமேனியாவின் சப்ரினா வோய்னியாவுக்குத்தான் நியாயமாகப் போயிருக்க வேண்டும் என்று சொல்லும் மூன்றாவது கட்சியும் உண்டு.

மூன்று தரப்பிடமும் நியாயம் இருக்கிறது. அதுதான் சிக்கலே. மூன்று பேருமே தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள். தவறியது அவர்களைச் சுற்றியிருந்த பெரியவர்கள். அழுதது மட்டும் அந்த மூன்று பெண்கள்.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

2024 ஆகஸ்ட் 5. பாரிஸின் பெர்சி அரங்கம். பிரேசிலின் ரெபெக்கா ஆண்ட்ராடே 14.166 புள்ளிகளுடன் முதலிடம். 14.133 புள்ளிகளுடன் சிமோன் பைல்ஸ் இரண்டாமிடம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரச்சினை மூன்றாவது இடத்தில்தான்.

பர்போசு, வோய்னியா இருவரும் 13.700. புள்ளி சமமானால், ஆட்டத்தை யார் சுத்தமாகச் செய்தார்கள் என்று பார்ப்பார்கள். அதில் பர்போசு முன்னே இருந்தார். கடைசியாக ஆட வந்தவர் சைல்ஸ். அவருக்கு 13.666. அப்படியென்றால் வெண்கலம் பர்போசுவுக்கு. சில நாட்களுக்கு முன்புதான் 18 வயதைத் தொட்டிருந்த அந்தப் பெண், ருமேனியக் கொடியைத் தூக்கிக்கொண்டு கொண்டாடத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சைல்ஸின் பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்டார். ஒரு தாவலுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்பது அவருடைய வாதம். நடுவர்கள் மறுபடி பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள், 0.1 கூட்டினார்கள். 13.666 என்பது 13.766 ஆனது. திரையைப் பார்த்த பர்போசுவின் கையிலிருந்து கொடி நழுவி விழுந்தது. மறுபக்கம் சைல்ஸ் துள்ளிக் குதித்தார். பதக்க மேடையில் ஆண்ட்ராடேவுக்கு பைல்ஸும் சைல்ஸும் குனிந்து வணக்கம் வைத்த படம் உலகம் முழுக்கப் பரவியது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ருமேனியா வழக்குப் போட்டது.

அந்த 0.1 எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று ‘டி’. அதாவது, எவ்வளவு கடினமான வித்தைகளைச் செய்தீர்கள் என்பது. வித்தைகளுக்கு ‘ஏ’ முதல் தரவரிசை இருக்கிறது. ‘ஏ’வுக்கு 0.1, ‘பி’க்கு 0.2 என்று ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று ‘இ’. எவ்வளவு சுத்தமாகச் செய்தீர்கள் என்பது. இது 10இல் தொடங்கி இறங்கும். சின்னப் பிழைக்கு 0.1, கொஞ்சம் பெரிதென்றால் 0.3, இன்னும் பெரிதென்றால் 0.5, கீழே விழுந்தால் முழுசாக 1 புள்ளி காலி. இரண்டையும் கூட்டி, கோட்டைத் தாண்டியது போன்றவற்றுக்கான அபராதத்தைக் கழித்தால் வருவதுதான் திரையில் தெரியும் எண்.

இந்தியர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 2016 ரியோவில் தீபா கர்மாகர், உயிரைப் பணயம் வைக்கும் வித்தை என்று பேர்போன புரொடுனோவா வால்ட்டைச் செய்து 15.066 எடுத்தார். மூன்றாமிடம் பிடித்த சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. வித்தியாசம் வெறும் 0.15. அன்று இரவு முழுக்க இந்தியா பேசியது அந்தச் சின்ன எண்ணைப் பற்றித்தான்.

‘இ’ மதிப்பெண்ணை எதிர்த்து யாரும் கேள்வி கேட்க முடியாது. ‘டி’யை மட்டும் கேட்கலாம். கிரிக்கெட்டின் டிஆர்எஸ் மாதிரிதான். ஆனால், இதற்குக் கட்டணம் உண்டு, காலக்கெடுவும் உண்டு. அடுத்த வீராங்கனையின் மதிப்பெண் திரையில் வருவதற்குள் வாய்மொழியாகக் கேட்டுவிட வேண்டும். கடைசியாக ஆடியவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதால், அவருக்கு மட்டும் ஒரு நிமிடம்.

சைல்ஸ்தான் கடைசி ஆள்.

1 நிமிடம் 4 விநாடி

வழக்கு விளையாட்டுக்கான நடுவர் மன்றத்துக்குப் போனது. 100 கிராம் எடை கூடியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்ட வினேஷ் போகத்தின் முறையீட்டை அதே ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது இந்த மன்றம்தான்.

ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பு. சைல்ஸின் மதிப்பெண் திரையில் வந்து 1 நிமிடம் 4 விநாடி கழித்துத்தான் கோரிக்கை வந்தது, அதனால் செல்லாது, மதிப்பெண் 13.666 ஆகவே இருக்கும். மறுநாளே, பதக்கத்தை பர்போசுவுக்கு மாற்றித் தருவதாக சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது. ஆகஸ்ட் 16 அன்று புக்கரெஸ்ட்டில் அவருக்கு வெண்கலம் அணிவிக்கப்பட்டது.

அமெரிக்கத் தரப்பு விடவில்லை. மதிப்பெண் வந்து 47ஆவது விநாடியிலேயே பயிற்சியாளர் முதல் முறை கேட்டுவிட்டார், அதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது என்றது. தீர்ப்பு வந்துவிட்டதால் மறுபடி விசாரிக்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. செப்டம்பரில் சைல்ஸ் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றப் படியேறினார்.

இங்கே ஒன்றை அடிக்கோடிட வேண்டும். சைல்ஸ் அந்தத் தாவலைச் சரியாகச் செய்தாரா என்ற கேள்விக்கு, மறுபடி பார்த்த நடுவர்கள் சொன்ன பதில் ‘ஆம்’. அந்தப் பதில் தவறு என்று மன்றம் சொல்லவில்லை. ‘கேட்டது லேட்’ என்று மட்டும்தான் சொன்னது.

கடிகாரம் யார் கையில்?

சரி, 4 விநாடி தாமதம் என்றே வைத்துக்கொள்வோம். அதை அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டிய ஆள் யார்?

சொல்ல யாருமே இல்லை என்பதுதான் அதிர்ச்சி. ஒரு நிமிட விதியை எழுதிவைத்த சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு, அந்த நிமிடத்தைக் கண்காணிக்க எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. கோரிக்கையை வாங்கியவர் ‘நேரம் முடிஞ்சுபோச்சு’ என்று சொல்லவில்லை. நடுவர்கள் பரிசீலித்தார்கள், மாற்றினார்கள், பதக்கமும் கொடுத்தாயிற்று. ஐந்து நாள் கழித்து, பதிவைப் புரட்டி விநாடி எண்ணினார்கள்.

கிரிக்கெட்டில் ரிவ்யூ கேட்க 15 விநாடி. அந்த 15 விநாடியும் திரையில் இறங்குமுகமாக ஓடும். கேப்டனுக்குத் தெரியும், அம்பயருக்குத் தெரியும், வீட்டில் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். நேரம் போய்விட்டால் அம்பயர் அங்கேயே மறுத்துவிடுவார். ஐந்து நாள் கழித்து யாரும் வந்து விக்கெட்டைத் திருப்பிக் கேட்பதில்லை.

இத்தனைக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் தொழில்நுட்பம் தெரியாத விளையாட்டும் இல்லை. ஃபுஜிட்சு நிறுவனத்தோடு சேர்ந்து, வீராங்கனையின் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைக்கூட அளக்கும் கணினி அமைப்பை உருவாக்கியிருக்கிறார்கள். 2023 ஆண்ட்வெர்ப் உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் சேர்த்து 10 சாதனங்களுக்கும் அது தயாராக இருந்தது. முழங்கால் மடங்கும் கோணத்தை அளக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு ஸ்டாப்வாட்ச் வைக்கத் தோன்றவில்லை!

தீர்ப்பெழுதிய நடுவர் குழுவே இதைச் சுட்டிக்காட்டியது. தங்களுக்கு அந்த அதிகாரம் இருந்திருந்தால் மூன்று பேருக்குமே வெண்கலம் கொடுத்திருப்போம் என்று தீர்ப்பிலேயே எழுதியது. ருமேனியா கேட்டதும், பதக்கத்தை மூவரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்றுதான். கூட்டமைப்பு சம்மதிக்கவில்லை.

யாரும் பேசாத மூன்றாவது பெண்

சைல்ஸ்-பர்போசு சண்டையின் சத்தத்தில் அமுங்கிப்போனவர் 17 வயது வோய்னியா. ஃப்ளோர் என்பது 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரம். ஒரு கால் கோட்டைத் தாண்டினால் 0.1 அபராதம். வோய்னியாவுக்கு அந்த அபராதம் விழுந்தது. ஆனால், அவர் கால் கோட்டைத் தாண்டவே இல்லை என்று ருமேனியா வாதிட்டது. ரசிகர்களும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அதையேதான் சொன்னார்கள்.

அந்த 0.1 இல்லையென்றால் அவருடைய புள்ளி 13.800. பர்போசுவின் 13.700ஐ விட அதிகம். திருத்தப்பட்ட சைல்ஸின் 13.766ஐ விடவும் அதிகம். அதாவது, எந்தக் கணக்கிலும் வெண்கலம் அவருக்குத்தான். அவருடைய முறையீடு தள்ளுபடியானது. ஒருவருக்கு நான்கு விநாடி வரை எண்ணிப் பார்த்த அமைப்பு, இன்னொருவரின் கால் விரல் எங்கே இருந்தது என்று கடைசி வரை பார்க்கவே இல்லை.

இது முதல் தடவையா?

இல்லை. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸை நீண்ட நாள் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை பழகிப்போன ஒன்று. 2000 சிட்னி ஒலிம்பிக் ஒன்றே போதும், அதிலேயே மூன்று உதாரணங்கள்.

* 5 சென்டிமீட்டர்: ஆல்-ரவுண்ட் இறுதிப் போட்டியில் ஒருவர் பின் ஒருவராக வால்ட்டில் தடுமாறி விழுந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர்தான் உயரம் சரியில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வால்ட், 120இல் வைக்கப்பட்டிருந்தது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பார்கள். சிட்னியில் உண்மையாகவே கூடம் கோணல்! வேண்டுமானால் மறுபடி தாண்டலாம் என்றார்கள். ஆனால், தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்கினா, வால்ட்டில் விழுந்த கையோடு போய், தன்னுடைய கோட்டையான அன்ஈவன் பார்ஸிலும் விழுந்திருந்தார். வால்ட்டைத் திரும்பத் தாண்டலாம், உடைந்த மனதை என்ன செய்வது?

* ஒரு சளி மாத்திரை: அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் ருமேனியாவின் 16 வயது அந்த்ரேயா ரடுகான். சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தடைசெய்யப்பட்ட சூடோஎஃபெட்ரின் இருந்தது. தங்கம் பறிபோனது. மாத்திரையை எழுதிக்கொடுத்தது மருத்துவர், பதக்கத்தை இழந்தது சிறுமி. நான்கே ஆண்டுகளில், 2004இல், அந்த மருந்து தடைப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. பிறகு 2010இல், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் தவறு என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. ரடுகானின் தங்கம் மட்டும் திரும்பவில்லை.

* பிறந்த வருடம்: குழுப் போட்டியில் சீனா வென்ற வெண்கலம் 2010இல் பறிக்கப்பட்டது. காரணம், டாங் ஃபாங்ஷியாவ் சிட்னியில் ஆடியபோது அவருக்கு 14 வயதுதான் என்று விசாரணையில் தெரியவந்தது. குறைந்தபட்ச வயது 16. 14 வயதுச் சிறுமி தானாகவா சான்றிதழைத் திருத்தியிருப்பார்? அவரோடு ஆடிய மற்ற பெண்களும் பதக்கத்தை இழந்தார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வால்ட்டைப் பொருத்தியவர், மாத்திரை கொடுத்தவர், வயதை மாற்றியவர், கடிகாரத்தைப் பார்க்காதவர் என எல்லாரும் பெரியவர்கள். கழுத்திலிருந்து கழன்றதோ ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் பதக்கம். நீச்சலிலோ ஓட்டத்திலோ இருப்பதைவிட இங்கே இது அதிகம் உறுத்துவதற்குக் காரணம், இந்த விளையாட்டின் உச்ச வயது. மூன்று நான்கு வயதில் ஜிம்முக்குள் நுழைந்து, 16, 18 வயதில் உச்சம் தொட்டு, பலர் இருபதுகளின் தொடக்கத்திலேயே விடைபெற்றுவிடுகிறார்கள். ‘அடுத்த ஒலிம்பிக்கில் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் வசதி பெரும்பாலானோருக்கு இல்லை.

‘விதின்னா விதிதானே?’

ருமேனிய ஆதரவாளர்களின் முக்கியமான வாதம் இது. காலக்கெடு என்று ஒன்று இருந்தால் அதை மதிக்கத்தான் வேண்டும், அமெரிக்கா என்றால் மட்டும் விதி வளையுமா என்று கேட்கிறார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் பீம் இறுதிப் போட்டியில் ருமேனியாவின் கடலினா பொனோர் வெண்கல இடத்தில் இருந்தார். அமெரிக்காவின் ஆலி ரைஸ்மன் தரப்பு மறுபரிசீலனை கேட்டது, அவருக்கு 0.1 கூடியது, இருவரும் 15.066. சமநிலையை உடைத்தபோது வெண்கலம் ரைஸ்மனுக்குப் போனது. அதே நாடுகள், அதே 0.1, அதே வெண்கலம். பாரிஸில் அது மறுபடி நடந்தபோது ருமேனியர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்நாட்டுப் பிரதமரே நிறைவு விழாவுக்குப் போக மாட்டேன் என்றார்.

காலக்கெடு தேவை என்பதில் சந்தேகமில்லை. இல்லாவிட்டால் போட்டி முடிவே வராது. ஆனால், விதி என்பது இரு பக்கமும் வெட்டும் கத்தி. வீராங்கனை ஒரு நிமிடத்துக்குள் கேட்க வேண்டும் என்றால், அந்த ஒரு நிமிடத்தை எண்ணுவது அமைப்பின் கடமை. தன் கடமையைச் செய்யாத அமைப்பு, எதிர்த்தரப்பின் 4 விநாடியை மட்டும் குற்றமாகக் காட்டுவது என்ன நியாயம்?

2004 ஏதென்ஸ் ஆண்கள் ஆல்-ரவுண்டிலும் இப்படி ஒன்று நடந்தது. தென் கொரியாவின் யாங் டே-யங்குக்கு நடுவர்கள் 0.1 குறைத்துப் போட்டுவிட்டார்கள். பிழை என்று கூட்டமைப்பே ஒப்புக்கொண்டு நடுவர்களை இடைநீக்கம் செய்தது. ஆனாலும் தங்கம் அமெரிக்காவின் பால் ஹாமிடமே இருந்தது. காரணம், கொரியா கேட்டது தாமதம். ஏதென்ஸில் தெரிந்தே ஒரு பிழை திருத்தப்படவில்லை. பாரிஸில் திருத்தப்பட்ட பிழை மறுபடி பிழையாக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் ஜெயித்தது கடிகாரம். ‘யார் நன்றாக ஆடினார்’ என்ற கேள்வி இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது.

‘மூணு பேருக்கும் கொடுத்தா பதக்கத்துக்கு என்ன மதிப்பு?’

இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்கு முன்னுதாரணம் தேடி அலைய வேண்டாம். பாரிஸுக்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில், இதே பெண்கள் ஃப்ளோர் போட்டியில், ஜப்பானின் மாய் முராகாமியும் ரஷ்யாவின் ஏஞ்சலினா மெல்னிகோவாவும் ஆளுக்கொரு வெண்கலம் வாங்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில், ஜோடி ஸ்கேட்டிங்கில் நடுவர் முறைகேடு அம்பலமானபோது, ரஷ்ய ஜோடியின் தங்கத்தைப் பறிக்காமல் கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள்.

பகிர்வதால் பதக்கத்தின் மதிப்பு குறைவதில்லை. மேடையில் போட்ட பதக்கத்தை ஒரு வாரத்தில் திருப்பிக் கேட்பதுதான் அதைக் குறைக்கிறது.

என்ன மாற வேண்டும்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. நான்கு விஷயங்கள் போதும்.

* மறுபரிசீலனைக்கான நேரம் அரங்கத் திரையில் எல்லாருக்கும் தெரியும்படி ஓட வேண்டும். நேரம் முடிந்தால் கோரிக்கையை அங்கேயே மறுக்க வேண்டும். ஒரு முறை ஏற்றுக்கொண்டுவிட்டால், தாமதம் என்று பின்னால் சொல்லக் கூடாது.
* இறுதிப் போட்டிகளில் பதக்கத்துக்கான மதிப்பெண்களை, யாரும் கேட்காமலேயே, அறிவிக்கும் முன் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். பயிற்சியாளரின் ஓட்ட வேகத்தைப் பொறுத்து நியாயம் கிடைக்கக் கூடாது.
* டென்னிஸில் பந்து கோட்டைத் தொட்டதா என்று கேமரா சொல்கிறது. கால் கோட்டைத் தாண்டியதா என்பதையும் கேமராவிடம் விட்டுவிடலாம்.
* தவறு அமைப்பினுடையது என்று நிரூபணமானால், பாதிக்கப்பட்ட வீராங்கனைக்குப் பதக்கம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

இதில் ரசிகர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்த வாரங்களில் சைல்ஸின் சமூக வலைதளப் பக்கங்களில் குவிந்த வசவுகளையும் நிறவெறிப் பேச்சுகளையும் எழுதியவர்கள் கூட்டமைப்பின் அதிகாரிகள் இல்லை. போன் வைத்திருந்த சாதாரண ரசிகர்கள். விதியை அமல்படுத்தத் தவறியவர்களின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பெயர் அந்தப் பெண்ணுடையது என்பதால் கல் அங்கே போய் விழுந்தது.

மூன்று பெண்களுக்கும் அந்தக் குழப்பம் இல்லை. தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்த பிறகு பர்போசு சமூக வலைதளத்தில் எழுதியது கொண்டாட்டப் பதிவு இல்லை. சைல்ஸும் வோய்னியாவும் என்ன வலியில் இருப்பார்கள் என்று தனக்குத் தெரியும், தானும் அதையே அனுபவித்தவள் என்று எழுதினார். இந்த நிலைமைக்குக் காரணம் யார் என்ற கேள்வியில், 18 வயதுப் பெண்ணுக்கு இருந்த தெளிவு கூட்டமைப்புக்கு இல்லை. அடுத்த ஒலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சலஸில். அதற்குள் ஒரு கடிகாரமாவது வாங்கி மாட்டட்டும்.